கை ஆடினால் ஓடும்

ஆடி 2, வெள்ளி

விடிந்ததிலிருந்து காற்று. வாழை இலையெல்லாம் நார் நாராகக் கிழிந்து தொங்குகிறது. ஆற்றில் நல்ல தண்ணீர். படித்துறையில் மேல்படிகள் மட்டும்தான் வெளியே.

நகை கழுவும் நாள். பூந்திக்கொட்டை நேற்றே ஊறப்போட்டது. வெந்நீர், பழைய பல் பிரஷ், மல் துணி. மருமகள் செல்வியின் கல்தோடு, வளையல், கொலுசு. பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறாள். தோட்டின் திருகில் எண்ணெய் ஏறிவிடும். முன்பு என் சம்சாரம் செய்த வேலை. அவள் போய்ச் சேர்ந்தபின் எனக்கு வந்தது. முழங்கால் போனவனுக்கு உட்கார்ந்து செய்யும் வேலை.

பக்கத்து வீட்டு லூர்து வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தாள். "என்னண்ணே, அடகுக்கடை தொறந்தாச்சா?"

"நீயும் கொண்டாந்து போடு. அசலையே திருப்பித் தரமாட்டேன்."

"எங்கிட்ட ஏது? ஒரு செபமாலதான் இருக்கு. அதையாவது கழுவிக் குடுங்க."

கல்தோட்டை ஊறப்போடக் கூடாது. கல்லுக்கு அடியில் தண்ணீர் போனால் கறுத்துவிடும். பிரஷை நனைத்துப் பின்பக்கம் மட்டும். கொலுசுக்கு விபூதி. தாலி மட்டும் என் கைக்கு வராது. அது அவள் கழுத்தைவிட்டு இறங்காது. குளிக்கும்போது அவளே மஞ்சள் போட்டுத் தேய்த்துக்கொள்வாள். கயிறு வெளுத்துக் கிடக்கிறது. பதினெட்டாம் பெருக்கு அன்றைக்கு ஆற்றங்கரையில் புதுக் கயிறு மாற்ற வேண்டும்.

செல்வி என்று பேரை முழுதாக எழுதக் கை வலிக்கிறது. இனிமேல் செ. நான் பள்ளிக்கூடம் மிதித்தவன் இல்லை. என் மகன் குமார் போய்விட்ட அந்த வருஷம் வீட்டில் இரண்டு பேருக்கும் பேச ஒன்றும் இல்லை. அவள் ஒருநாள் சிலேட்டை எடுத்து வந்து என் முன்னால் வைத்து ஆனா போட்டாள். அப்படி வந்த எழுத்து இது.

கடைசியில் குமாரின் வாட்ச்.

கனத்த ஸ்டீல் செயின். துபாயிலிருந்து கட்டிக்கொண்டு வந்தான். கிழமை வரும் கட்டத்தில் அரபி எழுத்து. பேட்டரி கிடையாது, சாவி கொடுக்கவும் வேண்டாம். "இது என் கை ஆடினாத்தான் ஓடும். கழட்டி வச்சா ரெண்டு நாள்ல நின்னுரும்" என்று செ.யிடம் பீற்றிக்கொள்வான். குளிக்கப் போனால் சட்டைக்குள் சுருட்டிப் படியில் வைத்துவிட்டுத்தான் இறங்குவான். அன்றைக்கும் அப்படித்தான் வைத்தான். ஆடித் தண்ணீர். நான் மேலே வேட்டி பிழிந்துகொண்டிருந்தேன். தலை இரண்டு தரம் தெரிந்தது. பிறகு தண்ணீர் மட்டும். கும்பகோணம் தாண்டியும் தேடினோம். உடம்பு கிடைக்கவில்லை.

அடுத்த ஆடிப் பெருக்குக்குப் பெண்டுகள் செ.யைச் சூழ்ந்துகொண்டார்கள். தாலியைக் கழற்றிவிடு என்றார்கள். அவள் வீட்டுக்கு ஓடி வந்து சாமி மாடத்திலிருந்த வாட்சை எடுத்துப்போய் எல்லாருக்கும் முன்னால் காதில் வைத்தாள். "ஓடுது. அவரு கை எங்கியோ ஆடிக்கிட்டு இருக்கு" என்றாள். புதுக் கயிறு கட்டிக்கொண்டாள். வருஷா வருஷம் அதே மாதிரி. இது ஏழாவது ஆடி.

ஓடாமல் என்ன செய்யும். முதலில் பிள்ளை ஞாபகத்துக்கு, பிறகு அவளுக்காக, கட்டிக்கொண்டிருந்தவன் நான். அவள் வேலைக்குப் போனதும் கட்டுவேன். வருமுன் மாடத்தில் வைத்துவிடுவேன். பள்ளிக்கூடம் லீவு என்றால் முழுக்கை சட்டை போட்டுக்கொண்டு வயலுக்கு. அவளுக்குத் தெரியாது. அன்றைக்கு அந்த முகத்தைப் பார்த்திருந்தால் யாரும் செய்வார்கள்.

இன்று செயினைத் தேய்க்கும்போது கண்ணி இடுக்கிலிருந்து மணல் இறங்கியது. மினுக்கும் பொடி மணல். கிண்ணத்து அடியில் ஒரு சிட்டிகை. நான் ஆற்றில் இறங்கி ரொம்ப நாள் ஆகிறது, படி இறங்கக் கால் விடாது. காற்றில் வந்திருக்கும்.

ஆடி 4, ஞாயிறு

போர் மோட்டார் மக்கர். திருக்காட்டுப்பள்ளியிலிருந்து ராஜேந்திரன் வந்தான். மெக்கானிக். பெண்டாட்டி இறந்து பெண் குழந்தையோடு இருப்பவன். நல்ல கை. மோட்டாரைப் பிரித்துக்கொண்டே செ.யிடம் ஏதோ சொன்னான். கொல்லையில் அவள் சிரித்தது எனக்குக் கூடத்தில் கேட்டது. அந்தச் சத்தம் இந்த வீட்டில் கேட்டு எத்தனையோ காலம். முதலில் யார் வீட்டிலோ என்று நினைத்தேன்.

மத்தியானம் லூர்து வந்து உட்கார்ந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு:

"அண்ணே, அந்த மோட்டார்காரரு செல்வியக் கட்டிக்கிறேன்னு எங்கிட்ட கேட்டாரு. நானும் செல்விகிட்ட சொல்லிட்டேன்."

"என்ன சொன்னா?"

"வேணாம்னு சொல்லல. பதினெட்டு வரைக்கும் பாக்குறேன்னா. அப்புறம் அந்த மாடத்தப் பாத்தா. அவ்வளவுதான்."

கொஞ்ச நேரம் புகையிலையை மென்றாள். "முப்பத்தி மூணு வயசு புள்ளைக்கு ஒரு கடியாரமா புருசன்? நீங்க பெரிய மனுசன், யோசிங்க."

யோசித்தேன். வேறு வேலை ஓடவில்லை. அவளைக் கட்டிப் போட்டிருப்பது கயிறு இல்லை, என் மணிக்கட்டு. வாட்சை இனிமேல் தொடமாட்டேன். இரண்டு நாளில் நின்றுவிடும். பதினெட்டு அன்றைக்குக் காதில் வைப்பாள், சத்தம் இருக்காது. யாரும் யாரையும் ஒன்றும் சொல்ல வேண்டாம்.

பம்பு சரி. உரத்துக்குச் சொசைட்டி போகணும்.

ஆடி 5, திங்கள்

கட்டவில்லை. செ. போனபின் கை தானாக மாடத்துக்குப் போனது, இழுத்துக்கொண்டேன். இடது மணிக்கட்டு வெறிச்சென்று. சாயந்தரம் வரை நூறு தரம் அதைத் தடவிவிட்டேன்.

குறுவைக்குக் களை. மடையில் நண்டு வளை, மண் வைத்து மிதித்தேன்.

ஆடி 7, புதன்

ஓடுகிறது. நேற்றே மெதுவாகியிருக்க வேண்டும். சில சமயம் கூடத் தாங்கும் என்று வாட்ச் கடை பாய் சொன்ன ஞாபகம்.

மாடத்துப் பலகையில் வாட்சுக்கு அடியில் ஈர வட்டம். செ. விளக்கேற்றும்போது எண்ணெய் சிந்தியிருக்கலாம். விரலால் தொட்டு மோந்தேன். எண்ணெய் இல்லை. சேற்று வாடை.

ஆடி 8, வியாழன், அமாவாசை

தூறல். எள்ளும் தண்ணீரும் இறைக்க ஆற்றுக்கு. லூர்து வீட்டுக்காரன் கைத்தாங்கலாகப் படி வரை விட்டான். ஐயர் வரிசையாகப் பேர் கேட்டார். அப்பா, அம்மா, தாத்தா, என் சம்சாரம். "அப்புறம்?" என்றார். ஒவ்வொரு வருஷமும் அந்த இடத்தில் "அவ்வளவுதான் சாமி" என்பேன். இன்று வாய் வரவில்லை. அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். பின்னால் வரிசை நிற்கிறது. "அவ்வளவுதான்."

எள் கையை விட்டுப் போகும்போது தண்ணீர் ஒருமாதிரிச் சுழித்தது. ஆடியில் சுழிக்கும்தான்.

வீட்டுக்கு வந்து மாடத்தைப் பார்த்தேன். ஓடுகிறது. செயினில் தண்ணீர் முத்து முத்தாக நிற்கிறது. துணியால் துடைத்தேன். கூரையைப் பார்த்தேன். ஒழுக்கு எதுவும் இல்லை.

செ. வந்ததும் கேட்டுவிட்டேன். "வாட்ச எடுத்தியாம்மா?"

"நான் எங்க மாமா எடுக்குறேன். பதினெட்டுக்குத்தானே தொடுவேன்."

"ஒண்ணுமில்ல, சும்மா கேட்டேன்."

அடுப்படிக்குப் போனவள் நின்றாள். திரும்பாமலே கேட்டாள். "ஏன் மாமா, நின்னுடுச்சா?"

அந்தக் குரலை நான் மறக்க மாட்டேன். பயந்த குரல் இல்லை. கல்யாண வீட்டுக்குப் பஸ் வந்துவிட்டதா என்று கேட்பது போல.

"இல்லம்மா. ஓடுது."

"சரி" என்றாள். வெங்காயம் உரிக்கிற சத்தம் வரக் கொஞ்ச நேரம் ஆனது.

ஆடி 9, வெள்ளி

கழுவும் நாள். தோடு, வளையல் சீக்கிரம் முடித்தேன். மனம் வாட்சிலேயே.

செயினைப் பிரஷால் தேய்க்கத் தேய்க்க மணல். போன வெள்ளியைவிடக் கூட. கொக்கியைத் திறந்தேன், உள்ளே பச்சைப் பாசி, நூல் போல. சுண்டுவிரலில் ஒட்டிக்கொண்டது. குழாய்த் தண்ணீர்தான் நான் பிடிப்பது. பாசி படித்துறைக் கல்லில் இருக்கும்.

குமார் கையில் மயிர் அதிகம். செயின் பிடித்து இழுக்கும் என்று இரண்டு கண்ணியைத் தளர்த்தி வைத்திருந்தான். என் கைக்கு அது வளையல் போல ஆடும். இது எதற்கு இன்று ஞாபகம் வருகிறது.

மல் துணியில் சுற்றிப் பித்தளைச் சம்புடத்தில் போட்டு, அரிசி டிரம்மில் அடிவரை புதைத்தேன். "வாட்ச கழுவிக் காய வச்சிருக்கேன்" என்று செ.யிடம் சொல்லிவிட்டேன். அரிசிக்குள் யார் கையும் ஆடாது.

ஆடி 11, ஞாயிறு

செ. தலைக்குக் குளிக்கப் போனபோது டிரம்மில் கைவிட்டேன். மேலே அரிசி பொலபொலவென்று. கீழே போகப் போகக் கை நனைந்தது. சம்புடத்தைச் சுற்றி அரிசி ஊறி உருண்டை பிடித்திருக்கிறது. மூடியைத் திறக்கும் முன்பே சத்தம். டிக் டிக் என்றுகூட இல்லை. நடந்து வருகிறவன் மூச்சு போல.

மாதா கோவிலில் பன்னிரண்டு மணி அடித்தது, லூர்து சிலுவை போட்டுக்கொள்வது வேலிக்கு அந்தப் பக்கம் தெரிந்தது. முள்ளைப் பார்த்தேன். பன்னிரண்டு. ஒரு நொடி பிசகவில்லை.

ஊறிய அரிசியைக் கோழிக்குப் போட்டேன். கோழி கிட்ட வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது. அள்ளிக் குப்பையில் கொட்டினேன்.

வாட்ச் மீண்டும் மாடத்தில். வேறு எங்கே வைப்பது.

ஆடி 13, செவ்வாய்

திருக்காட்டுப்பள்ளி. டவுன் பஸ், நின்றுகொண்டே. வாட்ச் கடை பாய் எனக்கு இளையவர். குமார் இருந்தபோது செயின் சரிபார்த்தவர்தான். கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு,

"வாங்க பெரியவரே. என்ன, நின்னுருச்சா?"

"நிக்க மாட்டேங்குது பாய்."

"அல்லாவே! ஓடாத வாட்ச ஓட வைக்கத்தான் இத்தன வருசமா கட வச்சிருக்கேன். ஓடுறத நிறுத்தச் சொல்லி நீங்க ஒருத்தர்தான் வந்துருக்கீங்க. நம்ம பொழப்புக்கே வேட்டு வச்சிருவீங்கபோல."

"கட்டாம வச்சா எத்தன நாள் ஓடும்?"

"நாப்பது மணி நேரம். மிஞ்சிப்போனா ரெண்டு நாளு."

கட்டி ஒன்பது நாளாகிறது என்றேன். சிரித்துக்கொண்டே அடிமூடியைத் திருகினார். மூடி கழன்றதும் சிரிப்பு நின்றது. டியூப்லைட் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தார். பிறகு லென்ஸைக் கழற்றிவிட்டு வெறுங்கண்ணால் பார்த்தார்.

"வாட்சோட ஆத்துல குளிப்பீங்களா?"

"இல்ல."

"உள்ளாற பூரா ஈரம். இந்தா பாருங்க, மணல்." இடுக்கியால் ஒன்றை எடுத்துக் கடுதாசியில் வைத்தார். "சரி, அத விடுங்க. இது தெரியுதா, அரை வட்டமா, தகடு?"

தெரிந்தது. கை ஆடும்போது உள்ளே இது சுழன்று சுருளை முறுக்கும், அதனால்தான் ஓடும் என்றார். இடுக்கி நுனியால் தள்ளிக் காட்டினார். அசையவில்லை. துருப்பிடித்து அச்சோடு ஒட்டிப்போயிருந்தது.

"இது நேத்து முந்தாநாள் துரு இல்ல பெரியவரே. ஆறு ஏழு வருசத் துரு. நீங்க கட்டினாலும் ஒண்ணுதான், கட்டாட்டியும் ஒண்ணுதான். இது சுத்தவே இல்ல."

கீழே சின்னச் சக்கரம் முன்னும் பின்னும் துடித்துக்கொண்டிருந்தது. எவ்வளவு அவசரம் அதற்கு.

"அப்ப எப்படி பாய் ஓடுது?"

அவர் மூடியைக் கையில் எடுத்துக்கொண்டார். "சுருள எடுத்துப் போட்டுருங்க" என்றேன். இடுக்கியை எடுத்தார். சக்கரத்துக்கு மேலே கொண்டுபோனார். நாற்பது வருஷமாக மயிரிழைச் சக்கரத்தைத் தூக்கி வைக்கிற கை, அங்கேயே நின்றது. வேண்டாம் என்று இடுக்கியைக் கீழே வைத்துவிட்டார். மூடியைத் திருகி என் பக்கம் தள்ளினார். காசு நீட்டினேன், வாங்கவில்லை.

"எடுத்துட்டுப் போயிருங்க. யாரோடது இது?"

"மகனோடது."

"எங்க இருக்காரு?"

பஸ் வந்துவிட்டது என்று கிளம்பிவிட்டேன். பஸ் வரவில்லை. ஸ்டாண்டில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். இத்தனை காலம் நான் கட்டிக்கொண்டு ஓட்டினேன் என்று நினைத்திருந்தேன். வயலில் வரப்பில் மடையில், கையை வீசி வீசி நடந்திருக்கிறேன், நன்றாக ஆடட்டும் என்று. ஒன்றும் இல்லை. ஓட்டினது வேறு கை.

செ. சொன்னது சரி, எங்கேயோ ஆடிக்கொண்டிருக்கிறது. எங்கே என்றுதான் அவள் யோசிக்கவில்லை. உயிரோடு இருக்கிறவன் கை மணலைக் கொண்டுவராது.

ஆடி 15, வியாழன்

வெயில். தண்ணீர் இன்னும் ஒரு படி ஏறியிருக்கிறது.

செ. சந்தைக்குப் போய் வந்தாள். கூடையைக் கூடத்தில் வைத்துப் பிரித்தாள். வாங்கியவை: பச்சரிசி, வெல்லம், எலுமிச்சை, மஞ்சள், வெற்றிலை பாக்கு, ஆற்றுக்கு விடக் காதோலை கருகமணி. பெருக்கு அன்றைக்குக் காவிரிக்கும் நகை போட வேண்டும். ஓலைச் சுருள் காதுக்கு, கருப்பு மணி கழுத்துக்கு.

கயிறு இல்லை.

நானாகக் கேட்கவில்லை. அவளே சொன்னாள். "கயிறு கட வரைக்கும் போனேன் மாமா. கையில எடுத்தேன். வாங்கலாமா வேணாமான்னு நின்னேன். பின்னாடி வந்தவங்க திட்டுனாங்க. வச்சிட்டு வந்துட்டேன்."

"லூர்துகிட்ட சொன்னா வாங்கியாருவா."

"வாங்கணுமா மாமா?"

என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பாக்கு ஒன்று எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். வாட்ச் பேசட்டும் என்று ஏழு வருஷம் ஒளிந்திருந்தவன் சட்டென்று எப்படிப் பேசுவது. மாடத்தில் அது பேசிக்கொண்டேதான் இருந்தது.

கடைசியில் லூர்துவே கயிறு வாங்கி வந்து கொடுத்துவிட்டாள். "இருந்துட்டுப் போவுது. கட்டுனா கட்டு, கட்டாட்டி அந்தப் பூசணிக் கொடிக்குக் கட்டு" என்றாள். செ.க்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஆடி 16, வெள்ளி

தோடு, வளையல், கொலுசு. வாட்சைக் கழுவவில்லை. தொடவில்லை. மாடத்துக்குக் கீழே தரையில் சொட்டு.

ஆடி 17, சனி

பள்ளிக்கூடம் இல்லை. செ. காப்பரிசிக்கு ஊறப்போட்டுவிட்டு லூர்துவோடு பூப் பறிக்கப் போனாள்.

அம்மியில் வாட்சை வைத்தேன். குழவியைத் தூக்கினேன். கண்ணாடியைப் பார்த்து ஒரு போடு, முடிந்தது. நாளைக்குக் கீழே விழுந்துவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம்.

நகர்ந்துவிடக் கூடாதென்று இடது கையால் பிடித்தேன். செயின் சில்லென்று இருந்தது. ஆடித் தண்ணீரின் சில். அடிமூடி மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது. தோல் படுகிற பக்கம். அப்போதுதான் கழற்றி என் கையில் கொடுத்தது போல.

குழவியை மெதுவாக இறக்கி வைத்தேன். பிள்ளையின் கைமேல் எப்படிப் போடுவது.

"என்னடா வேணும் உனக்கு" என்று கேட்டேன். வாசலில் செ.யின் குரல். எடுத்து மாடத்தில் வைத்துவிட்டேன். அவளுக்குத் தெரியாமல் எப்போதும் வைப்பது போல.

ஆடி 18, ஞாயிறு

விடியும் முன் எழுந்து குளித்தேன். செ. சித்திரான்னம் கிளறினாள், எலுமிச்சை, புளி, தேங்காய். வெயில் ஏறுமுன் ஆற்றுக்கு. படித்துறை கொள்ளாத கூட்டம். குலவைச் சத்தம், பிள்ளைகள் சத்தம், செல்போனில் படம் பிடிக்கிறவர்கள். தண்ணீர் சந்தன நிறத்தில் படியை உரசிக்கொண்டு போகிறது. ராஜேந்திரனும் பெண்ணைத் தோளில் வைத்துக்கொண்டு அரசமரத்தடியில் நின்றான். எங்கள் பக்கம் வரவில்லை. மரியாதை தெரிந்தவன்.

ஆண்கள் நிற்கும் இடத்தில் நானும் நின்றேன். செ. என்னைக் கூப்பிட்டாள். "மாமா, நீங்களும் வாங்க."

மடியிலிருந்து வாட்சை எடுத்தாள். லூர்து மஞ்சள் தடவிய கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். பெண்டுகள் எல்லாம் வாய் மூடிப் பார்க்கிறார்கள். செ. வாட்சைக் காதில் வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

மூன்றடி தள்ளி நின்ற எனக்குக் கேட்டது. இத்தனை குலவைக்கும் நடுவில் எனக்குக் கேட்டது.

ரொம்ப நேரம் வைத்திருந்தாள். மூக்குத்திக்குப் பக்கத்தில் தண்ணீர் இறங்கியது. துடைத்துக்கொள்ளவில்லை. பிறகு வாட்சை இறக்கி, அதைப் பார்க்காமல், என்னைப் பார்த்து,

"நின்னுடுச்சு மாமா" என்றாள்.

என் கையில் கொடுத்தாள். நொடி முள் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடிக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. அவளுக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பதும் அவளுக்குத் தெரியும். கூட்டம் என் வாயைப் பார்த்தது. வாட்சைக் காதில் வைத்துப் பார்த்தேன், வைக்காவிட்டால் நம்ப மாட்டார்கள்.

"ஆமாம்மா. நின்னுடுச்சு" என்றேன். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி.

லூர்து சிலுவை போட்டுக்கொண்டாள். கயிற்றை இடுப்பில் சொருகிக்கொண்டாள். அழுகை எதுவும் இல்லை. செ. தானாகவே கையைப் பின்னால் கொண்டுபோய் முடிச்சை அவிழ்த்தாள். கட்டி இறுகிய முடிச்சு, நேரம் எடுத்தது. லூர்து உதவிக்குப் போனாள், வேண்டாம் என்றுவிட்டாள். தங்கத்தை உருவிக்கொண்டு பழைய கயிற்றை ஆற்றில் விட்டாள். உருவியதை என் உள்ளங்கையில் வைத்தாள். தாலி, பக்கத்துக் குண்டு இரண்டு.

"கழுவி வைங்க மாமா."

காதோலை கருகமணியை எல்லோரும் விட்டார்கள். ஆறு நகையைப் போட்டுக்கொண்டு போனது. சோறு சாப்பிட்டோம். ராஜேந்திரன் பெண் செ. பக்கத்தில் வந்து உட்கார்ந்து தேங்காய்ச் சாதம் கேட்டது.

கூட்டம் கலைந்தபின் நான் மட்டும் திரும்பிப் போனேன். வெயில் சாயும் நேரம். படியில் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினேன். அவன் சட்டையைச் சுருட்டி வைத்த படி இப்போது தண்ணீருக்குள். இருந்தாலும் அது எந்தப் படி என்று காலுக்குத் தெரிகிறது.

வாட்சைத் துணியால் துடைத்தேன். கொக்கியைத் திறந்து, கட்டிக்கொள்ள வாகாக வைத்துப் பிடித்தேன். சின்ன வயதில் அவனுக்கு அரைஞாண் கட்டும்போது பிடிப்பது போல. மணிக்கட்டு வரை கையைத் தண்ணீருக்குள் விட்டேன்.

"உன்னோடது. நீயே வச்சுக்க. அந்தப் புள்ளைய விட்டுரு" என்றேன்.

வேகமான தண்ணீர். இழுத்துக்கொண்டு போகும் என்று விரலைத் தளர்த்தினேன். போகவில்லை. கையிலேயே கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு போனது. இழுத்துக்கொண்டு போகவில்லை. வாங்கிக்கொண்டது.

கொக்கி மாட்டுகிற சின்னச் சத்தம். தண்ணீருக்குள் அது கேட்குமா, தெரியாது.

ஆடி 19, திங்கள்

காற்று இல்லை. செ. வழக்கம்போல வேலைக்கு. கழுத்தில் பழைய மெல்லிசுச் சங்கிலி. பஸ்ஸுக்கு ஓடும்போது திரும்பி, "மாமா, மாத்திரை" என்றாள்.

வெள்ளிக்கிழமை இல்லாவிட்டாலும் பூந்திக்கொட்டை ஊறப்போட்டேன். தாலியும் குண்டும். முதல் தடவையாக என் கையில். மூலை முடுக்கெல்லாம் மஞ்சள் ஏறிக் கெட்டித்திருக்கிறது. பிரஷுக்கு வரவில்லை, துடைப்பக் குச்சியால் எடுத்தேன். தண்ணீரை மாற்றி மாற்றிக் கிண்ணத்தின் அடியைப் பார்த்தேன். மஞ்சள்தான். மணல் இல்லை.

துடைத்துப் பஞ்சில் சுற்றி அவள் பெட்டியில் வைத்தேன்.

மாடத்தைத் துடைக்கப் போனேன். பலகையில் அந்த ஈர வட்டம். தொட்டுப் பார்த்தேன். காய்ந்திருந்தது.